பதிமூன்று வைரஸும் ஓடைப் பாடும்

என் வீட்டுக்காரர் துளசிங்கம் யார் எச்சரித்தாலும் கேட்டுக்கொள்வார். நான் எச்சரித்தால் மட்டும் காது கேட்காது. காற்று வரப்போகிறது என்று ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு யாராவது வந்து சொன்னால் போதும், ஊரில் முதல் ஆளாகப் போட்டைக் கரையேற்றிவிட்டு, பக்கத்து ஆள் போட்டையும் இழுத்துப் போடுவார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு புயலில் எங்கள் குப்பத்தில் ஒரு வலைகூடப் போகாமல் தப்பியதற்கு அவருடைய அந்தப் பயம்தான் காரணம். ஆனால் அந்தப் பயத்துக்கு ஆள் தெரியாது. எவன் சத்தமாகச் சொன்னாலும் நம்பிவிடும்.

நானோ பழவேற்காட்டு நண்டு ஷெட்டில் பதினெட்டு வருடமாகத் தரம் பிரிக்கிறேன். அமுக்கிப் பார்க்காமல் எதையும் நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் ஒரே போனை வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைப் போன வெள்ளிக்கிழமை ஊரே பார்த்தது.

அந்தப் போனில் எங்கள் ஊர்ப் பாடு இருந்தது. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் சில உண்டு. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடியில்தான் முடியும். அதனால் ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு, இந்தத் தேதியில் இந்த இடம் இன்னாருக்கு என்று வரிசையாக எழுதி வைப்பார்கள். இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இருக்கிற இடங்களில் ஓடைப் பாடுதான் உசத்தி. நான்கு மாதம் காத்திருந்து, எங்கள் வீட்டுக்கு அது மறுநாள் சனிக்கிழமை வரவேண்டியிருந்தது.

வரிசை எழுதிய நோட்டு ஊர்த் தலைவர் வேணு மாமா வீட்டில் இருந்தது. அதை அவர் வீட்டு ஆடு தின்றுவிட்டது. அட்டையை மட்டும் வேண்டாம் என்று விட்டிருந்தது. அவரவருக்கு அவரவர் தேதி ஞாபகம் இருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்த ஒரே சனிக்கிழமை ஓடைப் பாடு நான்கு பேருக்கு ஞாபகம் இருந்தது.

நல்லவேளை, நோட்டின் ஆறு பக்கத்தையும் நான் முன்பே போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குக் கோயில் எதிரில், எல்லோர் கண் முன்னாலும் அதைப் பார்த்துப் புது நோட்டில் எழுதுவது என்று முடிவாயிற்று. அதுவரை போட்டோவை யாருக்கும் அனுப்பக் கூடாது, கை மாறினால் தேதி மாறும் என்று சிவசங்கர் சொன்னான். இவன் தன் கையால் எடை போட்ட மீனையே மறுபடி எடை போட்டுப் பார்க்கிற ஆள். போட்டோவும் இல்லை என்றால் எல்லோருக்கும் புதுச் சீட்டுதான். நாங்கள் காத்திருந்த நான்கு மாதமும் வீணாகப் போகும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு வேலை இல்லை. நண்டு மதியம்தான் ஷெட்டுக்கு வரும். நான் குண்டு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். கலர் கலராகக் குண்டுகள் தொங்கும். ஒரே கலர் மூன்று சேர்ந்தால் உடையும். போனில் இடம் இல்லாததால் எதையும் இறக்கி வைக்காமல், நெட்டில் பக்கத்தைத் திறந்து இலவசமாகத்தான் ஆடுவேன். இருநூற்றுப் பதினேழாவது கட்டம் முடிகிற நேரம், ஆட்டம் மறைந்து திரை முழுக்கச் சிவப்பாக ஒன்று வந்து நின்றது.

"அன்புள்ள பயனர்! உங்கள் போன் 13 வைரஸ்களால் மிகவும் நோய்வாய்ப்பட்டுள்ளது. 2 நிமிடம் 59 வினாடிகளில் உங்கள் புகைப்படங்கள் அனைத்தும் மரணமடையும். போனை அணைக்க வேண்டாம். உடனே இங்கே அமுக்கிச் சுத்தம் செய்யவும்."

கூடவே போன் விர் விர் என்று அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு எழுந்து வந்துவிட்டார்.

"இன்னாமே அது?"

"ஒண்ணும் இல்ல, விளம்பரம். சும்மா ஆட்டம் காட்றவன் நடுவுல இந்த மாதிரி எதையாவது வுடுவான். மூடிட்டா போய்டும்."

"போட்டோ எல்லாம் செத்துப்பூடும்னு போட்டுக்கீது. நீ விளம்பரம்ன்ற." சோற்றுக் கையாலேயே அவர் அந்தச் 'சுத்தம் செய்யவும்' மேல் விரலைக் கொண்டுபோனார்.

நான் கையைத் தட்டிவிட்டேன். "அத்த அமுக்குனாதான்யா வினையே. ரோட்டுல போறவன் உனுக்கு உடம்பு சரியில்லன்னு மருந்து குடுத்தா வாங்கி வாயில ஊத்திக்குவியா?"

"அப்ப இன்னா பண்றது? ரெண்டு நிமிஷம்தான் கீது."

"குடு, நான் மூட்றேன்."

"நீ மூடுவ. மூடுனதும் ஆறு பக்கமும் போவும். அப்புறம் ஊருக்கு யாரு பதில் சொல்றது? உன் குண்டு ஆட்டத்தாலதான் இந்தக் கேடே வந்துச்சி."

இது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த ஆறு பக்கத்தைப் போட்டோ எடுத்ததே நான்தான். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு, முனியா முனியா என்று கூப்பிட்டபடி வெளியே ஓடினார்.

முனியன் அவருடைய கூட்டாளி. போட்டில் பாதி அவனுடையது, பேச்சில் முக்கால்வாசி அவனுடையது. இரண்டு பேரும் வாசலில் நின்று ஆலோசித்தார்கள். வைரஸ் டவர் வழியாகத்தான் வருகிறது, டவர் இல்லாத இடத்துக்குப் போனால் அதற்கு வழி கிடையாது என்று முனியன் கண்டுபிடித்தான். ஏரியில் தீவைத் தாண்டி வடக்கே அப்படி ஓர் இடம் இருக்கிறது. நம் டவரும் எட்டாது, ஆந்திரா டவரும் எட்டாது. போனை எடுக்காத புருஷன்மார் எல்லாரும் அங்கேதான் இருந்தேன் என்று வீட்டில் வந்து சொல்கிற இடம் அது. காற்று வந்தால் போட்டை ஒதுக்குவதைப் போலப் போனை அங்கே ஒதுக்கி, வைரஸ் போனபிறகு கரைக்குக் கொண்டுவருவது என்று திட்டம் போட்டுக் கிளம்பினார்கள்.

ஃப்ளைட் மோடில் போட்டாலே டவர் போய்விடும் என்று நான் கரை வரைக்கும் ஓடிப்போய்க் கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் அது காதில் விழவில்லை. ஒரு விரல் வேலைக்கு நான்கு லிட்டர் டீசலோடு போனார்கள். கரைக்கு வரவே ஐந்து நிமிடம் ஆகிறது. மூன்று நிமிடத்தில் சாக வேண்டிய போட்டோ ஐந்து நிமிடம் கழித்தும் ஏன் சாகவில்லை என்று இரண்டு பேரில் ஒருவராவது யோசித்திருக்கலாம்.

ஷெட்டுக்குப் போகும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் கொஞ்சம் பயமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஒருவேளை அந்தச் சிவப்புப் பக்கம் சொன்னது நிஜமாக இருந்தால், நான்கு மாதப் பாட்டைக் குண்டு ஆட்டத்தில் தொலைத்தவள் என்று சாகிறவரை ஊர் பேசும். அதனால் நண்டை அமுக்கிப் பார்ப்பது போல அதையும் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து நண்டுக்குக் கால் கட்டுகிற சரோஜா, முந்தாநாள்தான் பொன்னேரியில் புதுப் போன் வாங்கியிருந்தாள். திரை மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதில் என் ஆட்டத்தைத் திறக்கச் சொன்னேன்.

"என் போனுக்கும் அந்த நோவு வந்துட்டா?" என்றாள்.

"பாத்தா வராது. அவன் அமுக்குன்றத அமுக்கி, அவன் குடுக்கறத உள்ள எறக்குனாதான் வரும். நீ தொறயேன்."

இரண்டு கட்டம் ஆடினேன். மூன்றாவதில் அதே சிவப்பு வந்தது. அன்புள்ள பயனர், பதிமூன்று வைரஸ். பிளாஸ்டிக் பிரிக்காத போனில் பதிமூன்று. சரோஜாவின் மகள் ஜமுனாவிடம் திரை உடைந்த ஒரு பழைய போன் இருந்தது. அதிலும் திறந்தோம். அதற்கும் பதிமூன்று.

"மூணுக்கும் எப்டிக்கா கணக்கா பதிமூணு வரும்?" என்றாள் ஜமுனா.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். நண்டு ஓடு கழற்றிய புதிதில் உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். தண்ணி நண்டு என்று அதைக் கழித்துவிடுவோம். வெளியே பார்த்தால் தெரியாது, வயிற்றுப் பக்கம் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். நண்டு வாங்குகிற ஏஜென்ட் ஆல்வின் வந்த புதிதில், கூடை மூடியைத் திறக்காமலே இதில் எட்டு தண்ணி, இதில் எட்டு தண்ணி, இதிலும் எட்டு என்று சொல்லிக்கொண்டு போனான். எல்லாக் கூடைக்கும் ஒரே எண் சொல்கிறவன் எந்தக் கூடையையும் பார்க்கவில்லை என்று அன்றைக்கே அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இந்தச் சிவப்புப் பக்கமும் அப்படித்தான். ஆட்டம் காட்ட வந்த பக்கத்துக்கு என் போனுக்குள் கைவிட்டு எண்ணிப் பார்க்க வழி கிடையாது. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கப் போனுக்குள்ளேயே சோதனை ஒன்று இருக்கிறது. அது சொன்னால் நான் கேட்பேன்.

ஆனாலும் அந்த நேரக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஷெட்டில் இருந்த பொம்பளைகள் எல்லாம் கையில் நண்டோடு வந்து சூழ்ந்துவிட்டார்கள். பத்து, ஒன்பது, எட்டு. சரோஜா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நொடி சும்மா நின்றுவிட்டு, மறுபடி இரண்டு நிமிடம் ஐம்பத்தொன்பது வினாடியிலிருந்து முதலில் இருந்து ஓட ஆரம்பித்தது.

"அட நாதாரி," என்றாள் சரோஜா. பக்கத்தை மூடினோம். அவள் பேரன் போட்டோ எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

உடனே சரோஜா போனிலிருந்தே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொன்னாள். இருபது தடவை போட்டேன், இருபது தடவையும் அதையே சொன்னாள். கடைசியில் அவளையும் திட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நான்கு மணிக்குக் கோயில் எதிரில் ஊர் கூடியது. வேணு மாமா புது நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டைத் தூரமாகக் கட்டியிருந்தார். போனையும் காணோம், போனை வைத்திருப்பவரையும் காணோம். பொம்பளைகள் கூட்டத்தின் ஓரத்தில்தான் நிற்போம். அன்றைக்கு நான் நடுவில் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். மூன்று போனில் பார்த்ததையும் சொன்னேன். ஆமாம் என்று சரோஜா போனைத் தூக்கிக் காட்டினாள்.

"அதெல்லாம் சரி காந்தா. லிஸ்ட் எங்க?" என்றான் சிவசங்கர்.

நாலே முக்காலுக்குப் போட் வந்தது. இரண்டு பேரும் வெயிலில் கருகிப்போய்க் கூட்டத்துக்குள் வந்தார்கள். போன் செத்துக் கிடந்தது. வைரஸ் இல்லை, சார்ஜ் இல்லை. கோயில் மைக் செட் இருக்கிற பிளக்கில் சொருகி, எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றோம். போன் உயிர் பெற்றதும் நான் படங்களைத் திறந்தேன். ஆறு பக்கமும் அப்படியே இருந்தது. போனுக்குள் இருக்கிற சோதனையையும் ஓடவிட்டேன். கேடு எதுவும் இல்லை என்று அது சொன்னது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வேணு மாமா பேனாவைத் திறந்தார். "இருங்க," என்றான் சிவசங்கர். "காலைல பத்து மணிக்குப் போனவங்க. ஊரு லிஸ்ட்ட வெச்சிக்கினு, ஆளில்லாத எடத்துல ஆறு மணி நேரம். இன்னா பண்ணீங்க?"

"வைரஸ் போவட்டும்னு வெயிட் பண்ணோம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆறு மணி நேரமா? சும்மா வெச்சிருந்தா போன்ல சார்ஜ் எப்பிடி எறங்குச்சி? அந்தப் போட்டோவுல பேர மாத்தறதுக்கு எல்லாம் ஆப்பு கீதாம். நாளைக்கு ஓடைப் பாடு உன்னுதுன்னு அதுல கீது. அத்த எப்பிடி நம்பறது? புதுசா சீட்டு போடுங்க மாமா."

ஆமாம், போடுங்கள் என்று நாலைந்து குரல் எழுந்தது. சனிக்கிழமை ஓடைப் பாடு தங்களுடையது என்று ஞாபகம் இருந்தவர்களின் குரல்தான் அதிகம். வேணு மாமா பேனாவை மூடினார். போட்டோ பிழைத்துக்கொண்டது, ஆனால் பாடு போகிறது.

"துளசிங்கம், உண்மைய சொல்லுப்பா," என்றார் வேணு மாமா. "அங்க இன்னா பண்ணீங்க?"

முனியன்தான் வாயைத் திறந்தான்.

"வைரஸ கொன்னுக்கினு இருந்தோம் மாமா. டவர் போனதும் அந்த செவப்பு மாறி வெள்ளையாயிடுச்சி. நெட்டு இல்லன்னு எழுதி, மேல சின்னதா ஒரு பிராணி நின்னுது. பல்லியாட்டம் இருந்துச்சி, பெரிய தல. வைரஸ்தான் வெளிய வந்து நிக்குதுன்னு நெனச்சோம். நான் தொட்டேன். அது ஓட ஆரம்பிச்சிடுச்சி. வழியெல்லாம் சப்பாத்திக் கள்ளி. அதுல போய் முட்டி செத்துப்போச்சி. பாத்தா மறுபடியும் எழுந்து ஓடுது. பதிமூணு வாட்டி கொன்னா பூடும்னு கணக்குப் போட்டோம்."

பின்னால் நின்ற ஜமுனா வாயைப் பொத்திக்கொண்டாள். நெட் இல்லாதபோது வருகிற டைனோசர் ஆட்டம் அது, எல்லோர் போனிலும் இருக்கிறது. குழந்தைப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம்.

"கதை," என்றான் சிவசங்கர். "பதிமூணு வாட்டிக்கு ஆறு மணி நேரமா?"

"நம்பலன்னா வந்து போட்டுல பாரு," என்றான் முனியன். "எழுதி வெச்சிக்கீறோம்."

"டேய், வாய மூட்றா," என்றார் என் வீட்டுக்காரர். அதற்குள் கூட்டம் கரைக்கு நடக்க ஆரம்பித்துவிட்டது.

போட்டின் உள்பக்க வெள்ளைப் பலகையில், நண்டுக் கூடைக்கு நம்பர் போடுகிற கறுப்பு மார்க்கரால் இரண்டு வரிசை எழுதியிருந்தது. மேலே து, மு என்று போட்டிருந்தது. து வரிசையில் 47, 62, 58. மு வரிசையில் 31, 90, 74. அப்படியே கீழே இறங்கி, பலகை தீர்ந்து அடுத்த பலகைக்குப் போயிருந்தது. கடைசியில் எண்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. ஒருவன் செத்தால் அடுத்தவன் முறை, முறையை மீறினால் இரண்டு முறை கழிவு என்று எங்கள் ஊர்ப் பாடு முறையின் சட்டத்தையே அதற்கும் போட்டிருந்தார்கள். முனியன் பெயருக்கு எதிரில் இரண்டு கழிவு இருந்தது.

சிவசங்கர் குனிந்து ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினான். நூற்று எண்பத்து நான்கு ஆட்டம். இரண்டாவது தடவையும் எண்ணிவிட்டு நிமிர்ந்தான். "இத்தினி ஆடுனவங்களுக்கு லிஸ்ட்ட தொட்றதுக்கு நேரமே இருந்திருக்காது," என்றான்.

வேணு மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "இத்தினி வாட்டியும் வைரஸ்னு நெனச்சிதான் கொன்னீங்களா?"

இனி முனியன் பேச மாட்டான் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஒருமுறை என்னைப் பார்த்தார். உன் குண்டு ஆட்டத்தாலதான் என்று காலையில் சொன்ன மனுஷன், ஊர் முன்னால் வேர்த்துப்போய் நின்றார். நான் பேசியிருக்கலாம். அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மொத பத்து வாட்டி வைரஸ்னுதான் மாமா நெனச்சோம்," என்றார். "அப்புறம் நல்லா இருந்துச்சி."

ஊரே சிரித்தது. வேணு மாமா போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, என் வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார். "அமுக்க வாணாம்னு காந்தா காலையிலயே சொல்லிச்சி. மூடுனா போதும்னு சொல்லிச்சி. ஊர் பேர் தெரியாத எவனோ சொன்னத கேட்டேன், இது சொன்னத கேக்கல. தப்பு என்னுதுதான்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இந்த வார்த்தையை நான் வீட்டுக்குள்ளேயே கேட்டதில்லை. திட்டுவதற்கு என்று பகலெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன், அத்தனையும் வீணாயிற்று. நான் போனைத் திறந்து பக்கம் பக்கமாக வாசிக்க, வேணு மாமா கரையிலேயே உட்கார்ந்து புது நோட்டில் எழுதினார். சனிக்கிழமை, ஓடைப் பாடு, துளசிங்கம். அந்த வரியை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன்.

மறுநாள் விடியும்போது வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். மடியிலிருந்து போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீயே வெச்சிக்கோ."

"எதுக்கு? ஏரியில ஏதாவது அவசரம்னா?"

"கையில இருந்தா வலை இழுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, முனியன் வருவதற்குள் வேகமாக நடந்தார்.